அடுப்பை அல்ல, புகைபோக்கியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வீட்டுக்குள் கதவும் புகைபோக்கியும் உள்ள மூடிய விறகடுப்பு வைத்திருப்பவர்கள் பலர் தீயை மட்டுமே கவனிக்கிறார்கள். ஆபத்து புகைபோக்கிக்குள் இருக்கிறது. ஈர விறகு எரியும்போது வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. எரியாத புகை, குளிர்ந்த குழாய்ச் சுவரில் கருந்தாராகப் படிகிறது. இரவு முழுதும் கங்கு நிற்கட்டும் என்று காற்றுத் திறப்பை மூடி வைத்தாலும் இதே கதைதான். அந்தத் தார் ஒருநாள் தீப்பிடித்தால் குழாய் இரைச்சலோடு எரியும். அப்போது காற்றுத் திறப்புகளை மூடிவிட்டு, எல்லாரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடித்துப் பிளக்கலாம்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பிளந்து, மேலே மட்டும் மூடி, காற்றோட்டமாக அடுக்கினால் மென்மரத்துக்கே ஆறு மாதமாவது ஆகும். வன்மரத்துக்கு ஓராண்டுக்கு மேல். ஈரமானிக் கருவியை வெளிப்பக்கத்தில் குத்திப் பயனில்லை, புதிதாகப் பிளந்த முகத்தில் குத்துங்கள். வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை கூடவே கூடாது.

அடுப்புக் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்துங்கள். தாளைச் சுலபமாக உருவ முடிந்தால், கதவு விளிம்பில் காற்று புகாமல் தடுக்கும் அடைப்புக் கயிற்றை மாற்ற வேண்டும். புகைபோக்கியை ஆண்டுக்கொருமுறையாவது துடைக்க வேண்டும். தார் 3 மில்லிமீட்டர் தடித்துவிட்டால் உடனே.

சாம்பலுக்குள் கங்கு சில நாள்கூட உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தரை இல்லாத இடத்தில் வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்