கதவுக்குள் விழும் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியை வெளியே எடுத்து வைத்துவிட்டோம், இந்த முறை பிழைத்துவிடும் போல இருக்கிறது. உனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் இரண்டு சாம்பல் கோடுதான் தெரிகிறது, நீலமாக மாறுவதே இல்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். தபால் என்றால் கதவுக்கு உள்ளே வந்து விழும்தானே.

2025 மே 26 வெம்பிளி மைதானத்துக்கு உதைபந்து பார்க்கப் போனேன். உனக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன், அது உனக்குத் தெரியும். பக்கத்து இருக்கையில் என் ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஜனவரியில் பட்டியலில் 12 புள்ளி முன்னால் நின்ற வால்சால் கழகத்தை எங்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பொடியன்கள் 1-0 என்று வென்றார்கள். முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் மைல்ஸ் ஹிப்போலிட் அடித்த கோல். மூன்று வருடத்துக்குப் பிறகு மறுபடியும் லீக் ஒன், மேலிருந்து மூன்றாம் படி. எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நீ சின்னவனாக இருந்தபோது கழகத்தின் அப்போதைய கிங்ஸ்மெடோ மைதான வாசலில் போட்டிப் புத்தகம் விற்ற அதே மனிதர். "மகன் எங்கே?" என்று கேட்டார். வேலை என்று சொன்னேன்.

நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை எப்படிப் போகிறது? அக்கா ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டாள். சரி, அதை விடு. ஒன்று மட்டும் சொல்கிறேன், பகலில் யன்னல் சீலையை விலக்கி யன்னலைத் திறந்து வை. அக்கா மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டபோது உன் அறை இருட்டாகக் கிடந்ததாம். லீட்ஸில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் உள்ளே வரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்றைக்கு வெம்பிளியில் இருந்து ரயிலில் வரும்போது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. 2002 நவம்பர், உனக்கு ஐந்து வயது. நாங்கள் நோர்பிட்டனில் அந்த ஒற்றை அறையில் இருந்தோம். சனிக்கிழமை பின்னேரம் ஊரே நீலமும் மஞ்சளுமாக எங்கள் தெருவால் நடந்து போவதைப் பார்த்து நீதான் கேட்டாய், "அப்பா, தேரா?" என்று. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். குளிருக்கு உன் காது இரண்டையும் என் கம்பளித் தொப்பியால் மூடியிருந்தேன். உதைபந்து என்றால் எனக்கு ஊரில் மணல் வளவில் வெறுங்காலோடு அடித்ததுதான். இங்கே வந்து மூன்று வருடமாக ஒரு போட்டியும் பார்த்ததில்லை.

அந்தக் கழகத்தின் கதையை எனக்குச் சொன்னவர் அந்தப் புத்தகம் விற்கிற மனிதர்தான். எல்லாரும் வேறு வேலை செய்துகொண்டு பொழுதுபோக்காக விளையாடிய காலத்தில், 1963இல், பழைய விம்பிள்டன் அமெச்சூர் கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று வென்றார்கள், நான்கு கோலும் எடி ரெனால்ட்ஸ் தலையால் முட்டியது. அடுத்த வருடம் சம்பளக் கழகமாக மாறினார்கள். 1977இல்தான் நாட்டின் பெரிய லீக்குக்குள் சேர்த்தார்கள், 1986இல் அப்போதைய உச்சப் படியான முதல் டிவிஷன், 1988இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை. அப்படி வளர்த்த கழகத்தை உரிமையாளர்கள் 90 கிலோமீட்டருக்கு அப்பால் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டு போகக் கேட்டார்கள். 2002 மே 28ஆம் தேதி உதைபந்துச் சங்கத்தின் மூன்று பேர் கொண்ட ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்று அதற்கு அனுமதி கொடுத்தது. அதே இடத்தில் ரசிகர்கள் புதுக் கழகம் தொடங்குவது உதைபந்தின் பொது நலத்துக்கு நல்லதல்ல என்றும் எழுதி வைத்தது.

ரசிகர்கள் கேட்கவில்லை, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கழகம் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து, ஜூன் 29, விம்பிள்டன் காமன் திடலில் யாரும் வரலாம் என்று அறிவித்து ஆள் தேர்வு வைத்தார்கள். ஏறக்குறைய 230 பேர் வந்தார்களாம். ஜூலை 10 முதல் ஆட்டம், அதே சட்டனோடு, 4-0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். தோற்ற ஆட்டத்துக்கு அவ்வளவு சனம். கீழே, ஒன்பதாம் படியில், கம்பைண்ட் கவுண்டீஸ் லீக்கில் தொடங்கினார்கள். முதல் வருடம் மூன்றாம் இடம்தான். அதற்குப் பிறகு 2003 பெப்ரவரியில் இருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டம் தோற்கவே இல்லை. நீ அந்த எண்ணிக்கையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாய். கணக்குக் கொப்பி என்று நான் ஏசினேன்.

இந்தக் கதையை நான் உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஏ லெவல் சோதனையில் புள்ளி குறைந்தபோது சொன்னேன். முதல் நேர்முகத்தில் உன்னை எடுக்காதபோது சொன்னேன். இந்த மார்ச்சில் போனிலும் அதைத்தான் சொன்னேன். "வேண்டாம் என்று சொன்னால் விழுந்து கிடப்பதா? அவர்களைப் பார், எழும்பு" என்று. நீ ஒன்றும் பேசவில்லை. கெட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு நீ போன் எடுக்கவில்லை.

2007 ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மைன் டார்லிங்டன் வேல்ஸில் விளையாடிவிட்டு வந்தவர். நாடு மாறினால் எடுக்க வேண்டிய ஒரு அனுமதிக் கடதாசியைக் கழகம் எடுக்கவில்லை. ஒரு கடதாசிக்கு 18 புள்ளி வெட்டினார்கள், பிறகு குறைத்து 3 ஆக்கினார்கள். நீ அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாய். நான் உன் கட்டிலில் இருந்து சொன்னேன், இந்த நாட்டில் கடதாசி சரியாக இருக்க வேண்டும் தம்பி, கடதாசி இல்லை என்றால் மனிதனே இல்லை என்று. என் விசாக் கடதாசி எல்லாம் வைத்திருக்கும் அந்தச் சிவப்பு ஃபைலைத் திறந்து காட்டினேன்.

அந்தச் சிவப்பு ஃபைலைத்தான் போன கிழமை பென்ஷன் விஷயமாக எடுத்தேன்.

அதற்கு முன்னால் 2011ஐச் சொல்லிவிடுகிறேன். மே 21, சனிக்கிழமை. மான்செஸ்டருக்குப் போக உனக்குக் காசு தரவில்லை நான். பெற்றோல் ஸ்டேஷனில் எனக்கு ஷிப்ட், நீ பின் அறையில் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்து ரேடியோ கேட்டாய். பெரிய லீக்குக்குள் ஏறும் இறுதியாட்டம், லூட்டனோடு 0-0, அப்புறம் பெனால்டி. செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார், அவரும் சின்ன வயதில் விம்பிள்டன் ரசிகர்தான். கடைசி உதை டேனி கெட்வெல். 4-3. ஒன்பது வருடத்தில் ஐந்து படி ஏறி லீக்குக்குள் வந்துவிட்டார்கள். நீ வெளியே ஓடி வந்து, வரிசையில் நின்ற சனத்தின் முன்னால் கவுண்டருக்கு மேலால் என்னைக் கட்டிப்பிடித்தாய். உனக்குப் பதினாலு வயது. அதற்குப் பிறகு நீ என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை, நானும் அதற்கு ஏதுவாக ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வருடம் பெப்ரவரியில் கழகத்துக்கு ஆட்டக்காரப் பொடியன்களைத் தேடுகிற ஒருவர் உன் பள்ளிக்கூட ஆட்டம் பார்க்க வந்தார், உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று சொன்னாராம். மூன்று கிழமை நீ பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்பாய், "அப்பா, தபால் வந்ததா?" நான் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருப்பேன். தபால் விழுகிற நேரம் வீட்டில் நான் மட்டும்தான்.

தம்பி, கடிதம் வந்தது.

ஆறு கிழமை உதைபந்து ஆள் தேர்வு, செவ்வாயும் வியாழனும் பின்னேரம். கீழே பெற்றோர் கையெழுத்து வைத்து, புள்ளிக் கோட்டில் வெட்டி அனுப்ப வேண்டிய துண்டு. நான் கையெழுத்துக்கூட வைத்தேன். பிறகு செவ்வாய் உனக்குக் கணக்கு டியூஷன் என்று யோசித்தேன். அடுத்த வருடம் ஜி.சி.எஸ்.ஈ. சோதனை என்று யோசித்தேன். நூறு பொடியன்களில் ஒருவனைத்தானே எடுப்பார்கள், மற்றவனெல்லாம் என்ன ஆவான் என்று யோசித்தேன். சித்தப்பா குடும்பத்துக்கு உன்னை டாக்டர் ஆக்கப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன், அதையும் யோசித்தேன். கத்தரிக்கோலை எடுத்தவன் வெட்டாமல் திரும்ப வைத்தேன். கடிதத்தை நாலாக மடித்துச் சிவப்பு ஃபைலில் விசாக் கடதாசிகளுக்குப் பின்னால் செருகினேன். நீ ஒருநாளும் தொடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நாலாவது கிழமை நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். "என்னை எடுக்கவில்லைப் போல" என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "சரி விடு, படிப்பைப் பார்." அந்த நீலச் சப்பாத்தைச் சித்தப்பாவின் மகனுக்குக் கொடுத்துவிட்டாய். அதன் முன் ஸ்டட் ஒன்று தேய்ந்திருந்தது, நீ வலக்காலை ஊன்றித் திரும்புகிற இடம்.

உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதின்மூன்று வருடமாக நீ அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய், அந்த நினைப்பின் மேலே நின்றுகொண்டு நான் உனக்கு விம்பிள்டன் கதை சொல்லியிருக்கிறேன். அந்த ஆணையத்தில் மூவரில் ஒருவராவது மறுத்து வாக்களித்தார். நம் வீட்டில் நான் ஒருத்தன்தான் முடிவு எடுத்தேன், அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை. நேற்று இரவுதான் அவருக்குச் சொன்னேன். அவர் எழும்பி அறைக்குள் போய்விட்டார். காலையில் தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்து, "அவனுக்கு எழுதுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

நீ பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பாய் என்று சொல்லவரவில்லை. அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆறு கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது உனக்கு இருக்கும் பாரம் இதனால்தான் வந்தது என்றும் நான் நினைக்கவில்லை, அப்படி நினைத்தால் அதுவும் என்னைப் பற்றிய கதையாகிவிடும். ஆனால் நீ எதையாவது சரியாகச் செய்ய முடியாமல் போனதும் கேட்காமலே விலகிப் போவாயே, அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாலாவது கிழமைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

வேலைக்குப் போகாமல் நிற்பது எனக்குத் தெரியும். அக்காவை ஏசாதே, நான்தான் துருவிக் கேட்டேன். டாக்டர் கடதாசி கொடுத்திருக்கிறார் என்றால் நில். எவ்வளவு நாளானாலும் நில். வாடகைக்குக் காசு வேண்டுமென்றால் கேள். கழகத்தின் புது பிளவ் லேன் மைதானம் கட்ட ரசிகர்களிடம் கடன் கேட்டபோது அம்மாவுக்குச் சொல்லாமல் காசு போட்டவன் நான், உனக்கு யோசிப்பேனா. கழகம் தொடங்கி 18 வருடம் கழித்து, 2020 நவம்பரில், பழைய விம்பிள்டன் விளையாடிய பிளவ் லேனுக்கே திரும்பிய அன்றைக்கு கொரோனா என்று உள்ளே ஒரு ரசிகரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் உன் லேப்டாப்பில் பார்த்தோம். போன செப்டம்பர் மழையில் வாண்டில் ஆறு பெருகி அந்த மைதானத்தின் நிலம் உள்வாங்கியபோது, நீதான் எனக்கு முதலில் படம் அனுப்பினாய். நீ எனக்குக் கடைசியாக அனுப்பிய படமும் அதுதான் என்று நேற்றுத்தான் பார்த்தேன்.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. கீழ்த் துண்டில் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது, வெட்டவில்லை. வெம்பிளியில் உனக்கு எடுத்த டிக்கெட்டும் உள்ளே இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை விக்டோரியாவில் இருந்து காலைப் பஸ்ஸில் வருகிறேன், பின்னேரம் லீட்ஸில் நிற்பேன். அம்மா மீன் குழம்பு வைத்து ஐஸ்கிரீம் டப்பாவில் தருவார், இடியப்பம் தனியாக. என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் அக்காவுக்குச் சொல், நான் டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் பஸ் நிலையத்தில் இருப்பேன். ஏழு மணிக்குத்தான் திரும்பும் பஸ். அதுவரை போன் என் கையில்தான் இருக்கும். இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, யன்னலை உனக்கு ஏலும்போது திற.

அப்பா