மக்கா, வரும்போது ஒரு லென்ஸ் வாங்கிட்டு வா

அன்புள்ள மக்கா,

பூசை லீவு முடிந்து உன்னை வடசேரியில் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், முடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வைத்தே பேசியிருக்கலாம். நான் உனக்குப் பேய்ப்படம் போட்டுக் காட்டியதே மயினிக்குப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் நீ சிரித்த சிரிப்புதான். கறுப்பு வெள்ளைப் படம், ராத்திரி நேரம், ஓடுகிற கார் ஜன்னலில் ஒரு வெளுத்த முகம் வந்து நிற்கிறது. "சித்தப்பா, மூஞ்சில கோலமாவ அப்பிட்டு வந்து நிக்கான். இதுக்குப் போயா லைட்ட அணைச்சீங்க?" என்றாய். சொன்ன கையோடு குனிந்து போனைத் திறந்தாய். அந்த வெளிச்சத்தில் உன் முகம் பேயைவிட வெளுப்பாக இருந்தது, கேட்டியா.

கோலமாவு அப்பிய அந்த ஆள்தான் படத்தை எடுத்தவர். பேர் ஹெர்க் ஹார்வி. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில், கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பாடப்படம் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. ஒருநாள் காரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டா உப்பு ஏரிக்கரையில் சால்ட்ஏர் என்ற பாழடைந்த கேளிக்கைக் கூடம் கண்ணில் பட்டிருக்கிறது. ஏரித்தண்ணீர் வற்றிப் பின்வாங்கிவிட, கூடம் மட்டும் உப்புத்தரையில் ஒற்றையாக நின்றது. அதற்குள் செத்தவர்கள் ஆடினால் எப்படி இருக்கும் என்ற நினைப்பில் முளைத்ததுதான் 1962இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. மூன்று வாரம் லீவு போட்டு, ஏறக்குறைய 33,000 டாலரில் எடுத்து முடித்தார். பேயாகவும் அவரே நின்றார்.

மணக்குடிக்கு பைக்கில் போன அன்று புத்தளம் உப்பளத்து ஓரம் நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கா? பொழுது சாய்கிற நேரம். ஓலை மூடிய உப்புக் குவியல்கள், ஆளில்லாத ஒரு ஷெட், காற்று மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "வாங்க போலாம், என்னமோ போல இருக்கு" என்று சொன்னது நீதான். அந்த 'என்னமோ போல'வைத்தான் அந்த மனுசன் பிடித்துப் படத்துக்குள் போட்டிருக்கிறார். நீ பார்த்ததெல்லாம் மாவு.

கதாநாயகி சர்ச்சில் ஆர்கன் வாசிக்கப் போகிறவள். படம் முழுக்க அந்த ஆர்கன்தான் இசை. நடுவில் ஒரு துணிக்கடைக் காட்சி வரும். திடீரென்று அவளைச் சுற்றி உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுவிடும். அவள் பேசுவது யார் காதிலும் விழாது, அவளையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ரத்தம் இல்லை, பல் இல்லை, சத்தத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டார், அவ்வளவுதான். அதற்கு என்ன செலவு ஆகியிருக்கும்? நீ அந்த நேரத்தில் யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாய். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

சரி, நம் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு வா. சாமியாடுகிற கோமரத்தாடி யார்? காலையில் உனக்கு ரசவடை எடுத்துத் தருகிற அதே ஆள். அவர் போட்டிருக்கிற சல்லடத்தையும் குல்லாயையும் தைத்தவர் யார் என்றும் ஊருக்கே தெரியும். ஆனால் நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டுக்காரர் பத்தி மட்டையால் குடத்தை அடிக்கிற அடி வேகமாகி, பந்தத்தோடு கோமரத்தாடி வேட்டைக்குக் கிளம்பும்போது ஒருத்தன் சிரிப்பானா? ஆறு வயதில் நீ என் வேட்டிக்குள் வந்து ஒளிந்துகொண்டாய். உன் அப்பா ஒளியவில்லை, ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கினான். தெரியும், தெரிந்துகொண்டே ஒதுங்குகிறோம். காசில்லாதவன் எடுத்த பேய்ப்படம் நம்மிடம் அந்த ஒதுக்கத்தைத்தான் கேட்கிறது. கம்ப்யூட்டரில் செய்த பூதத்துக்கு நம் தயவு எதற்கு? அது தானே வந்து பயமுறுத்திவிட்டுப் போகும்.

'ஈவில் டெட்' படத்தில் காட்டுக்குள் ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து வருமே, அதுவும் இப்படித்தான். கேமராவை ஒரு பலகையில் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேர் ஓடியிருக்கிறார்கள்.

ஆச்சிக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டாம். அவளுக்கு விட்டலாச்சார்யா போதும். 'ஜெகன்மோகினி'யில் பேய் அடுப்புக்குள் காலை நீட்டி விறகாக எரித்துச் சமைக்கிற இடம் வரும்போதெல்லாம், "எனக்கு இப்படி ஒண்ணு வாய்க்கலியே, வெறகு மிச்சம்" என்பாள். சொல்லிவிட்டு எழுந்து போய் அடுக்களைக் கதவையும் சாத்திவிட்டு வருவாள்.

"போன்லயே கிடைக்குமே, எதுக்கு டிஸ்க்?" என்று கேட்டாய். பேய் இருட்டில் இருக்கிறது மக்கா. நெட்டில் வருகிற படத்தை அழுத்திச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள், அதில் முதலில் அடிவாங்குவது இருட்டுதான். கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, மூலையில் நிற்கிறவன் கட்டத்தோடு கட்டமாகப் போய்விடுவான். டிவிடியில் படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் தகவல் வரை இடம் உண்டு, அதைவிடத் துல்லியமான ப்ளூரே டிஸ்க்கில் 40.

'நைட் ஆஃப் த லிவிங் டெட்' கதை தெரியுமா? 1968இல் ரிலீஸுக்கு முன் படத்தின் பேரை மாற்றினார்கள். பழைய பேரோடு இருந்த காப்புரிமை வாசகம் புதுப் பேர் அட்டையில் விட்டுப்போயிற்று. அன்றைய சட்டப்படி அதோடு உரிமை போச்சு. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்கலாம் என்றானதும் பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி. நான் முதலில் பார்த்த டிஸ்க்கில் பேய் எது, புதர் எது என்று தெரியவில்லை. மூல நெகட்டிவிலிருந்து சுத்தம் செய்த பிரதி 2018இல் ப்ளூரேயில் வந்தது. அதைப் போட்ட ராத்திரிதான் தெரிந்தது, வாசல் புல்லில் ஒவ்வொருவனும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறான். ரத்தம் சாக்லேட் சிரப்பாம். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது!

டிஸ்க் வைத்திருப்பது சுகமான காரியம் என்று சொல்லவில்லை. ப்ளூரேயை மண்டலம் மண்டலமாகப் பூட்டி விற்கிறார்கள்; இந்தியாவுக்கு மண்டலம் C, அமெரிக்காவுக்கு A. என் பிளேயர் அத்தான் சவூதியிலிருந்து கொண்டுவந்தது, அது B. அதனால் அதே மண்டலத்து பிரிட்டன் டிஸ்க்காகப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. நமக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, மிச்ச நாளெல்லாம் உப்புக்காற்று. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் துடைக்கிறேன். பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். நீ துடைத்த மாதிரி வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் வட்டமாகச் சுற்றிவரும் தடத்தின் போக்கிலேயே கீறல் விழுந்தால் பிளேயரால் சமாளிக்க முடியாது. ப்ளூரே இன்னும் மோசம், தகவல் இருப்பது மேல்தோலுக்கு 0.1 மில்லிமீட்டர் அடியில்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். நீ போன மறுவாரமே பிளேயர் மக்கர் பண்ணத் தொடங்கியது. டிவிடி போட்டால் ஓடுகிறது, ப்ளூரே போட்டால் கொஞ்ச நேரம் முனகிவிட்டு 'டிஸ்க் இல்லை' என்கிறது. டிவிடியைப் படிப்பது சிவப்பு லேசர், ப்ளூரேயைப் படிப்பது நீலம்; நீலம் மட்டும் போயிருக்கிறது. நாகர்கோவிலில் காட்டினேன். "இந்தக் காலத்துல இத யாரு சார் பாக்கா?" என்று கேட்டுவிட்டு மூடியைக்கூடக் கழற்றாமல் திருப்பித் தந்துவிட்டார்கள். நானே கழற்றிப் பார்த்தேன். லென்ஸ் யூனிட்டில் ஒரு நம்பர் இருக்கிறது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ரிச்சி தெருவில் கேட்டுப் பார். பழசு என்றாலும் பரவாயில்லை, பொங்கலுக்கு வரும்போது எடுத்துவா.

அதுவரை டிவிடி ஓடும். துணிக்கடைக் காட்சியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா