போர்வெல் வேண்டாம், மழையைப் பிடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். மன்னார்குடியில் நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி விட்டபாடில்லை.

கிணறு உப்புக் கரிக்கிறது, ஆழமாக போர்வெல் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. வேதாரண்யத்து மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கிறது. அதன் அடியில் இருப்பது கடல் உப்பு. நல்ல தண்ணீர் ஒரு அடி இறங்கினால் கீழே இருக்கும் உப்புநீர் நாற்பது அடி வரை ஏறிவரும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச அதை நாமே மேலே கூப்பிடுகிறோம். 2004 சுனாமியில் உப்பாகிப்போன கடற்கரைக் கிணறுகளை நினைத்துப் பார். மழை இறங்கித்தான் அவை மெல்லத் தேறின.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, தண்ணீர் வற்றினால் இன்னும் கரிக்கும். குளிக்கவும் துவைக்கவும் கிணறு இருக்கட்டும். கிருமிக்கு அந்தப் பவுடரைப் போடுவதானால் தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அதைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி நன்றாக ஆட்டு. ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது.

குடிக்க, சமைக்க மழைதான். உங்கள் பாட்டி முற்றத்தில் வெள்ளை வேட்டியை நாலு மூலையும் இழுத்துக் கட்டி, அடியில் அண்டா வைப்பார்களே, அந்தத் தண்ணீரில் வெந்த பருப்பின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை. உன் மாடி 1000 சதுர அடி. 10 செ.மீ. மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல் விழும். சிந்தியது, கழித்தது போக 7000 தேறும் என்று வை. ஒரு நாளைக்கு 30 லிட்டர் செலவானாலும் ஏழு மாதத்துக்கு மேல் வரும். ஐப்பசி அடைமழையில் அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டு, கோடையில் கேன் தண்ணீருக்குக் காசு கொடுப்பது எனக்கு மனசே ஆறவில்லை.

மாடியைப் பெருக்கிவிட்டு, முதல் மழையை வெளியே விட்டுவிடு. பறவை எச்சமும் தூசியும் அதோடு போய்விடும். அப்புறம் வருவதைக் கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய வடிகட்டும் தொட்டி வழியாகச் சேமிப்புத் தொட்டியில் இறக்கு. மூடி இறுக்கமாக இருக்கட்டும், குழாய் வாய்களுக்கெல்லாம் கொசுவலை கட்டு. டெங்கு கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். வடிகட்டினாலும் காய்ச்சித்தான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். தொட்டி நிரம்பி வழிவதை நேரே கிணற்றில் விடாதே. கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஜல்லியும் மணலும் போட்ட குழியில் விடு. செப்டிக் டேங்க் பக்கம் அந்தக் குழி வரவே கூடாது.

போர்வெல்லுக்கு எடுத்து வைத்த பணத்தில் தொட்டியைக் கட்டிவிடலாம். புரட்டாசி முடிவதற்குள் கொத்தனாரைப் பிடி. இங்கே தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், சொன்னால் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்