மகனுக்கு வாப்பா எழுதுவது

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உம்மாவும் ராத்தா வீட்டாரும் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் துஆ செய்கிறோம். மழை இன்னும் இறங்கவில்லை. வீட்டுப் பத்திர விஷயம் அப்படியே கிடக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் உம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு தேர்தலுக்கு நீ அடித்த நோட்டீஸை சாச்சா மகன் போனில் காட்டினான். மாஷா அல்லாஹ். நம் வீட்டில் வார்டு மெம்பருக்குக்கூட யாரும் நின்றதில்லை. சாச்சா நின்றதைக் கணக்கில் சேர்க்காதே, அந்தக் கதை உனக்கே தெரியும். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நாலு பேரிடம் காட்டினேன். கட்சிச் சின்னம் இல்லாமல் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். நியூ ஜெர்சியில் ஸ்கூல் போர்டுக்குக் கட்சி கிடையாது என்று நீ சொன்னதைச் சொன்னேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. நீயும் பிள்ளைகள் இரண்டு பேரும். பெரியவன் உன் உயரத்துக்கு வந்துவிட்டான். மருமகளுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லையா? அவள்தான் படம் எடுத்திருப்பாள் என்கிறாள் உம்மா. அப்படித்தான் இருக்கும்.

இருட்டிய பிறகு யார் வீட்டுக் கதவையும் தட்டாதே. ஓட்டுக் கேட்கப் போவதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடு. கூட ஒரு ஆளை வைத்துக்கொள், அந்த ஊர்க்காரராக இருந்தால் நல்லது.

கொஞ்ச நாளாக உங்கள் நாட்டுத் தேர்தல் கதைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 2008-ல் ஒபாமா நின்றபோது ஜூன் மாதம் டெட்ராய்ட்டில் ஒரு கூட்டம். மேடைக்குப் பின்னால், கேமராவில் விழுகிற இடத்தில் உட்கார வந்த பெண்களில் இரண்டு பேர் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள். அங்கே உட்காரக் கூடாது என்று தடுத்தது எதிர்க்கட்சிக்காரன் இல்லை, அவருடைய தொண்டர்களே. பிறகு ஒபாமா போன் போட்டு மன்னிப்புக் கேட்டார், அது அவர் பெருந்தன்மை. ஆனால் அந்த இரண்டு பேரை நகர்த்தியதில் மிச்சம் என்ன? அதே வருஷம் மார்ச்சில் அவருடைய பாஸ்டர் ஜெரமையா ரைட்டின் பிரசங்கத் துண்டுகளை டிவியில் ஓயாமல் போட்டார்கள். கறுப்பர்களின் சர்ச், கோபமான பேச்சு, அதை வைத்து அவரைப் பயங்காட்டினார்கள். சர்ச்சுக்குப் போகிறவர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது அல்லவா? அவர் ஜனாதிபதியாகி ஒன்றரை வருஷம் கழித்து, 2010 ஆகஸ்டில் பியூ ஆய்வு மையம் ஜனங்களிடம் கேட்கிறது. 18 சதவீதம் பேர் அவர் முஸ்லிம் என்கிறார்கள். கிறிஸ்தவர் என்று சரியாகச் சொன்னவர்கள் 34 சதவீதம்தான். முஸ்லிம் என்றவர்களிடம் எப்படித் தெரியும் என்று கேட்டால், 60 சதவீதம் பேர் மீடியா வழியாக என்றார்கள்.

நம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாலைப் பேப்பருக்குத் தொங்கும் போஸ்டர் மாதிரிதான். உள்ளே நாலு வரிச் செய்தி, வெளியே முழ நீள எழுத்து. போஸ்டரைப் படித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறவன்தான் அதிகம்.

2008 அக்டோபரில் காலின் பவல் டிவியில் சொன்னதை நீயும் பார்த்திருப்பாய். குடியரசுக் கட்சிக்காரர், புஷ்ஷுக்கு வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஒபாமா முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர், அது சரியான பதில். ஆனால் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன, இந்த நாட்டில் அது தப்பா என்று கேட்டார். அதோடு ஒரு பத்திரிகைப் படத்தைப் பற்றியும் சொன்னார். ஈராக்கில் இறந்த இருபது வயதுச் சிப்பாய், நம் ஆள், உங்கள் நியூ ஜெர்சிப் பையன். ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் பிறை பொறித்த கல்லில் தாய் தலையைச் சாய்த்திருக்கிறாள். பவல் நல்ல மனுஷன்தான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பிள்ளையை மண்ணில் வைத்த பிறகுதான் அந்தத் தாயைக் காட்டுவதற்கு அவர்களுக்குத் தோன்றுகிறது.

2016-ல் இன்னொரு தாய், கஜாலா கான். பிலடெல்பியாவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில், ஈராக்கில் இறந்த கேப்டனான மகனைப் பற்றிக் கணவர் பேச, அவர் முக்காட்டோடு பக்கத்தில் பேசாமல் நின்றார். பேச அவருக்கு அனுமதி இல்லையோ என்னவோ என்று டிரம்ப் சொன்னார். மகன் படத்தைப் பார்த்தால் தன்னால் பேச முடியாது என்று அந்த அம்மா பேப்பரில் எழுதி விளக்க வேண்டி வந்தது. பக்கத்தில் நின்றால் இப்படி ஒரு பேச்சு. நிற்காவிட்டால் என்ன பேசுவார்களோ. இதை எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே, படித்தேன், எழுதுகிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மேயருக்கு மம்தானி நின்றபோது நடந்ததெல்லாம் உன் கண்முன் நடந்தது. அவர் தாடியைக் கருகருவென்று அடர்த்தியாக்கிய நோட்டீஸ் ஒன்று எதிர்த்தரப்பில் தயாராகி, பேச்சு வந்ததும் அதை அனுப்பவே இல்லை என்றார்கள். 2025 அக்டோபரில் பிராங்க்ஸில் ஒரு பள்ளிவாசலுக்கு வெளியே நின்று அவர் பேசியதை ராத்தா மகள் எனக்குப் போட்டுக் காட்டினாள். செப்டம்பர் 11-க்குப் பிறகு முக்காட்டோடு சப்வேயில் போகப் பயந்த தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். உடனே அதைக் கேலி செய்தவர் துணை ஜனாதிபதி. பிறகு அது சொந்த அத்தையா என்று தோண்டி, வாப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி என்று தெரிந்ததும், பொய் சொல்லிவிட்டார் என்று ஒரு கூட்டம் குதித்தது. அப்படிப் பார்த்தால் உன் நிக்காஹ்வுக்கு வந்த மாமிகளில் ஒருத்தியும் மாமி இல்லை.

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். அரசியலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் அன்பாகத் தனியே கூப்பிட்டு, முஸ்லிம் என்று வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாமே என்றாராம். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போதும் பாதி மனசு அதைத்தான் சொல்கிறது. மம்தானி ஜெயித்தார், நியூயார்க்கின் முதல் முஸ்லிம் மேயர் ஆனார். அதை வைத்து நீயும் ஜெயிப்பாய் என்று சொல்ல மாட்டேன். நியூயார்க் வேறு, உன் ஊர் வேறு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்த இல்ஹான் உமர் முக்காட்டோடு உட்கார வேண்டும் என்பதற்காக, சபைக்குள் தலையில் எதுவும் அணியக் கூடாது என்று 1837 முதல் இருந்த விதியையே 2019-ல் மாற்றினார்கள். அவருக்கு வந்த மிரட்டல்களையும் படித்திருக்கிறேன்.

இருட்டிய பிறகு போகாதே. எழுதிவிட்டேனா? பரவாயில்லை, இன்னொரு தடவை படி.

நூலகத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் மருமகள். அவளிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார்தான் உனக்கு ஓட்டுப் போடப் போகிறார்கள். கோபித்துக்கொள்ளாதே, ஸ்கூல் போர்டில் உட்கார உன்னைவிட அவளுக்குத்தான் தகுதி. அவளாகவே படத்தில் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல வந்த எவனோ சொல்லி நீ தலையாட்டியிருந்தால், அதை அவளிடம் எப்படிச் சொன்னாய் என்று மட்டும் தெரிய வேண்டும்.

பதில் தமிழில் எழுது. சின்னவனுக்கு இருமல் என்றாயே, தேன் கொடுக்கிறீர்களா? உன் மாமியாருக்கு அந்த நோட்டீஸை நான் இன்னும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வருகிறார், கேட்கத்தான் செய்வார். அதற்குள் அவளை விட்டே தாய்க்கு ஒரு போன் போடச் சொல்.

வஸ்ஸலாம்,
வாப்பா