32 கோருக்குப் பணம் வாங்கி, 16 கோரைப் பூட்டிக் கொடுத்த சர்வர் பற்றிய புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
பிளேட் மற்றும் டிசைன் கூடம்,
சிவகாசி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: ஏப்ரலில் வாங்கிய சர்வரில் பாதிக் கோர்கள் வேலை செய்யாதது, தவறான ஆலோசனைக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது.

ஐயா,

கடந்த ஏப்ரலில் லினக்ஸ் போட்டு, எல்லாம் அமைத்துத் தயார் நிலையில் உங்களிடம் ஒரு சர்வர் வாங்கினேன். இரண்டு பிராசஸர், ஒன்றுக்கு 16 கோர் (தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி) வீதம் மொத்தம் 32 கோர், 128 ஜிபி ரேம். ஜூலைக் கடைசி வரை அதில் பாதிதான் எனக்கு உழைத்தது. மீதிப் பாதியில் பழுது எதுவும் இல்லை. அதைப் பூட்டி அனுப்பியதே உங்கள் ஆட்கள்தான், அதுவும் இரண்டு பூட்டுப் போட்டு.

அச்சகங்கள் அனுப்பும் காலண்டர், லேபிள் ஃபைல்களை ரிப் செய்து (அச்சுக்கு ஏற்ற புள்ளிப் படமாக மாற்றி) அச்சுப் பிளேட் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஆடிப்பெருக்கு அன்று இங்கே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய இரண்டு மாதம் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த அவசரத்தைச் சொல்லித்தான் உங்கள் விற்பனைப் பிரதிநிதி மெஷினை என் தலையில் கட்டினார். பழைய 8 கோர் மெஷினைப் போல நான்கு மடங்கு வேலை வாங்கலாம் என்றார். ஜூனில் பார்த்தால் இரண்டு மடங்கே இழுத்துப் பறித்துத்தான் வந்தது.

உங்கள் உதவி மையத்தில் பேசியவர் தொலைவிலிருந்தே உள்ளே வந்து பார்த்துவிட்டு, "சிபியு 50 பர்சென்ட்தான் சார் ஓடுது. அதனால சிபியுல பிரச்னை இல்ல, ரேம் கூட்டிப் பாருங்க" என்றார். 64 ஜிபி கூடுதலாக வாங்கிப் போட்டேன். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. பிறகுதான் தெரிந்தது, உங்கள் ஆள் அந்த ரேமைச் செருகியது இரண்டாவது பிராசஸர் பக்கம். வேலையே நடக்காத பக்கத்துக்கு ரேம்!

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் 50 சதவீதம் என்றால் எந்த 50 என்று கேட்கத் தெரியும். 'டாப்' கட்டளையை ஓடவிட்டு 1 என்ற எண்ணை அழுத்தினால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும். 0 முதல் 15 வரை உள்ள கோர்கள் எல்லாம் 100 சதவீதம். 16 முதல் 31 வரை எல்லாம் சுத்தமாகப் பூஜ்யம். 'விஎம்ஸ்டாட்'டில் ஓடத் தயாராக இருக்கும் வேலைகளைக் காட்டும் 'ஆர்' பத்தியில் 32, டிஸ்க்கை எதிர்பார்த்து முடங்கி நிற்பவற்றைக் காட்டும் 'பி' பத்தியில் 0. அதாவது டிஸ்க்குக்காக யாரும் நிற்கவில்லை, கோருக்காகத்தான் நிற்கிறார்கள், பக்கத்திலேயே 16 கோர் ஈ ஓட்டுகிறது. இந்தப் படங்களை ஜூன் 18 அன்று உங்களுக்கு மெயிலில் அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து வந்த பதிலில், உங்கள் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழையது, புது ஷெட்யூலர் (கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) உள்ள 6.6-க்கு மாறுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் என்று இருந்தது. அந்த மெஷினில் இருப்பது 6.1. அதிலுள்ள சிஎஃப்எஸ் ஷெட்யூலர் 2007-இல் 2.6.23 பதிப்பில் வந்தது; 2023-இல் 6.6 வந்தபோது அதன் இடத்துக்கு ஈஈவிடிஎஃப் வந்தது. இரண்டில் எது இருந்தாலும், தொடாதே என்று சொல்லிவைத்த கோரில் அது வேலையைக் கொண்டுபோய்ப் போடாது. படங்களை உங்கள் ஆள் திறந்தே பார்க்கவில்லை என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது.

கடைசியில் என் அக்கா மகன்தான் வந்து உட்கார்ந்தான். கெர்னல் எந்தக் கட்டளை வரியோடு துவங்கியது என்று பார்த்தான். அதில் 'ஐசோல்சிபியூஸ்=16-31' என்று இருந்தது. எல்லாப் புரோகிராமுக்கும் தாயான முதல் பிராசஸை, எது எந்தக் கோரில் ஓடலாம் என்று காட்டவும் மாற்றவும் உதவும் 'டாஸ்க்செட்' கட்டளை வைத்துக் கேட்டான். அது ஓட அனுமதிக்கப்பட்ட கோர்கள் 0-15 என்றது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எங்கள் மெஷின் கூடத்து வழக்கில் சொன்னால் உங்கள் மேலிடத்துக்கும் விளங்கும். ஷெட்யூலர் ஒரு போர்மேன். கையில் இருக்கும் ஆர்டர்களைப் பார்த்து, எந்த மெஷின் சும்மா இருக்கிறதோ அதற்கு அனுப்புவார். ஒன்றில் கூட்டம் சேர்ந்தால் இன்னொன்றுக்கு மாற்றிவிடுவார். ஐசோல்சிபியூஸ் என்றால், 16 மெஷின்களின் பெயரைப் போர்மேனின் நோட்டிலிருந்தே அடித்துவிடுவது. முதலாளி கையைப் பிடித்து அழைத்துப்போய் விட்டால்தான் அங்கே வேலை நடக்கும். ஒரு மைக்ரோ நொடி தாமதம்கூட ஆகாத வேலைக்கு என்று சில கோர்களை இப்படி ஒதுக்கி வைப்பார்களாம். காலண்டர் பிளேட்டுக்கு எதற்கு? வேறு ஏதோ வேலைக்குத் தயாரித்த டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து எனக்கு விற்றிருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொன்ன பிறகு ஜூலை முதல் வாரம் உங்கள் பொறியாளர் நேரில் வந்தார். வருகைக் கட்டணம் 9,000 ரூபாய். அந்த ஐசோல்சிபியூஸ் வரியை எடுத்துவிடுங்கள் என்றோம். "அது பெர்ஃபார்மன்ஸுக்காக வெச்சது, எடுக்கக்கூடாது" என்று, டாஸ்க்செட் போட்டு எங்கள் 32 வேலைகளையும் 16-31 கோர்களுக்கு அனுப்பினார். ஓடுகிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அன்றிரவு 32 வேலையும் 16-ஆம் கோர் ஒன்றின் மேலேயே ஏறி உட்கார்ந்தன. 17 முதல் 31 வரை காலி. மொத்த உபயோகம் 3 சதவீதம். போர்மேனுடைய நோட்டில் இல்லாத மெஷின்களுக்கு இடையில் கூட்டத்தைப் பிரித்துவிடவும் போர்மேன் வரமாட்டார் அல்லவா, அதுதான் நடந்தது. விடியும்வரை ஒரு பிளேட்கூட இறங்கவில்லை. காலையில் இரண்டு அச்சகத்து ஆட்கள் வாசலில் நின்றார்கள். அவர்களிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

நாங்களே அந்த வரியை எடுத்து ரீஸ்டார்ட் செய்தோம். 32 கோரும் ஓடத் தொடங்கின. ஆனால் 24 ஃபைல் கொண்ட எங்கள் சோதனைக் கட்டுக்கு முன்பு ஆன அதே 3 மணி 10 நிமிடம்தான் ஆனது. இப்போது எல்லாக் கோரும் ஆளுக்கு 50 சதவீதம் காட்டின. உங்கள் உதவி மையம் விடுமா? "பாருங்க, நீங்க சொன்ன மாதிரி செஞ்சும் மாறலையே. உங்க சாஃப்ட்வேர்தான் காரணம்" என்று புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இரண்டாவது பூட்டு அங்கே இருந்தது. ரிப் சர்வீஸின் அமைப்புக் கோப்பில் உங்கள் ஆட்கள் 'சிபியுகோட்டா=1600%' என்று, அதாவது 16 கோர் அளவுக்கு மேல் ஓடக்கூடாது என்று, எழுதி வைத்திருந்தார்கள். கெர்னல் இதை 100 மில்லிநொடிக்கு ஒரு சுற்றாகக் கணக்குப் பார்க்கிறது. சுற்றுக்கு 1,600 மில்லிநொடி படி அளக்கிறது. 32 வேலையும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தப் படி 50 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். மிச்சம் 50 மில்லிநொடி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த வரம்பைக் கண்காணிக்கும் கெர்னல் பகுதியான சிகுரூப்பின் கணக்கில், ஒரு மணி நேரத்தின் 36,000 சுற்றுகளில் 35,800-க்கு மேல் தடுத்து நிறுத்தப்பட்டவை. 16 கோர் மட்டும் ஓடியபோது கோட்டாவும் சரியாக 16 கோர் அளவு என்பதால் இது கண்ணிலேயே படவில்லை. முதல் பூட்டைத் திறந்த பிறகுதான் இரண்டாவது தெரிந்தது.

இதில் உங்கள் மேல் அவசரப்பட்டுப் பழி போடக்கூடாது என்று கெர்னலில் பிழை உண்டா என்பதையும் சரிபார்த்தோம். கோட்டா தீராமலே வேலையைத் தடுக்கும் ஒரு பிழை பழைய கெர்னல்களில் இருந்தது. அது 2019-இல் 5.4-இலேயே திருத்தப்பட்டுவிட்டது. எங்களுடையது 6.1. ஆகவே கெர்னல் மேல் குற்றமில்லை, எழுதி வைத்ததைத்தான் அது செய்தது. அந்த வரியையும் எடுத்தோம். அதே 24 ஃபைல் 1 மணி 45 நிமிடத்தில் முடிந்தது. அது ஜூலை 29. சீசன் அதற்குள் முடிந்துவிட்டது.

9,000 ரூபாய் வருகைக் கட்டணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள். தேவையே இல்லாமல் வாங்கவைத்த 64 ஜிபி ரேமை எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கொடுங்கள். ஜூலையில் வெளியில் கொடுத்து எடுத்த பிளேட்டுகளுக்கு 61,000 ரூபாய் ஆனது, பில்கள் இத்துடன் இருக்கின்றன. அதில் எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். மூடிய டிக்கெட்டில் 'வாடிக்கையாளரின் சாஃப்ட்வேர் கோளாறு' என்று இருப்பதை அழித்து உண்மைக் காரணத்தை எழுத வேண்டும். பணத்தைவிட எனக்கு அது முக்கியம், ஏனென்றால் அந்த வாசகத்தைக் காட்டி வாரண்டியைப் பிறகு மறுக்கலாம்.

இன்னொன்று. இதே டிஸ்க் நகலோடு இந்த ஊரில் வேறு யாருக்கும் சர்வர் விற்றிருந்தால் அவர்களை நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். துவக்க வரியையும் கோட்டாவையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அவர்களுக்கு ஒரு அக்கா மகன் இருக்கிறானோ இல்லையோ.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். டாப், விஎம்ஸ்டாட் படங்கள், துவக்க வரி, கோட்டாக் கோப்பு, உங்கள் பொறியாளர் கையெழுத்து வாங்கிய தாள் எல்லாவற்றின் நகலும் இணைத்துள்ளேன். இந்த முறையாவது திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
சிவகாசி.