ஆட்டோ அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

என் வீட்டுக்காரர் குடித்ததும், அதை விட்டதுமாக எங்கள் வீட்டில் நடந்தது தெருவுக்கே தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த வாரம் டாக்டர், "இனிமேல் மாசம் ஒரு தடவை வந்தா போதும்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதில் இருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

முதல் நன்றி ஆட்டோ அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் இருந்து என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்த அன்றைக்கு, பாலம் தாண்டி நேரே வர வேண்டிய வண்டியை அண்ணன் சந்துக்குள் திருப்பினார். "அந்தப் பக்கம் குழி தோண்டிப் போட்ருக்காய்ங்க மாப்ள, இப்பிடியே போயிருவோம்" என்றார். சந்து சந்தாகச் சுற்றி வாசலில் இறக்கிவிட்டார். அடுத்த செக்கப்புக்கும் அதே குழி, அதே சுற்று. மறுநாள் ரேஷன் கடைக்கு அந்த வழியாக நடந்து போனேன். குழியே இல்லை. டாஸ்மாக் கடைதான் இருந்தது.

அப்புறமும் ஒவ்வொரு தடவையும் சுற்றித்தான் கூட்டி வந்தார். ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை. "அந்தக் கடைப் பக்கம் போகாதே" என்று புத்தி சொல்லியிருக்கலாம். ஊரே குடிகாரன் என்று ஏசிய மனுஷனின் முகம் சுண்டிவிடக் கூடாதென்று, இல்லாத குழியைச் சொன்னார்.

கடை, பாட்டில் சத்தம், சேர்ந்து குடித்த கூட்டாளி, எது எதிர்ப்பட்டாலும் மூளை பழைய ஆசையைக் கிளப்பிவிடும், மாதக்கணக்கில் அப்படித்தான் இருக்கும், அது மனத்திடம் இல்லாத குறை அல்ல என்று டாக்டர் பின்னால் விளக்கினார். அண்ணனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கை நடுங்கி, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று இவர் கத்திய ராத்திரியில், "இது பேயும் இல்ல பிசாசும் இல்ல, குடியை ஒரேயடியா விட்டதால வர்றது, உடனே தூக்குங்க" என்று சொன்ன கீழ்வீட்டு நர்ஸ் அக்கா, விடிய விடிய ட்ரிப்ஸ் மாற்றிய வார்டுக்காரர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அத்தை, சம்பளம் பிடிக்காத பட்டறை முதலாளி, தவணையைத் தள்ளிவைத்த மகளிர் குழு அக்காமார், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

வருஷக்கணக்கில் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில்கூட வலிப்பு வரலாம், உயிரே போகலாம். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். அதற்கு மேல் குடித்தால் சில மாத்திரை ஆளையே சாய்த்துவிடும். குடியை விட உதவுகிற அரசு எண் 14446-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது. ஆஸ்பத்திரிக்குத் துணை இல்லையென்றால் நான் வருகிறேன்.

ஆவணியில் பாப்பாவுக்குக் காதுகுத்து. அண்ணன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். விசேஷத்தில் யாருக்கும் தண்ணி வாங்கித் தரப் போவதில்லை. கோபித்துக்கொள்கிற சொந்தம் கோபித்துக்கொள்ளட்டும்.