வாடிக்கையாளர்களுக்கும் டீலர்களுக்கும் ஒரு மடல்

அன்புள்ள விவசாயப் பெருமக்களே, டீலர் நண்பர்களே, வணக்கம்.

ராணுவக் கவச வாகனங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சப்-கான்ட்ராக்ட் எங்கள் பம்பு கம்பெனியின் துணை நிறுவனத்துக்குக் கிடைத்திருப்பது உங்களில் பலருக்கும் தெரியும். பொங்கலுக்கு வந்தவர்கள் அதற்கான புது ஷெட்டையும் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனியின் பெயரை வெளியே சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை, அதனால்தான் எழுதவில்லை.

2019 ஜனவரியில் திருச்சியில் ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்க்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கியபோது சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு நம் கோவையையும் சேர்த்தார்கள். பம்பு செய்யும் ஊருக்கு அதுவும் கைவரும் என்று அன்றைக்கே நம்பினோம். இப்போதுதான் கைகூடியிருக்கிறது.

ஆனால் பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. "மிலிட்டரி வேலை வந்ததும் நல்ல இரும்பெல்லாம் அங்க போயிருச்சு, பம்புக்குக் கழிச்சதுதான்" என்கிறார் அதில் பேசுபவர். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இதை அப்படி விட முடியவில்லை.

உங்கள் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் வார்ப்பிரும்பு. அங்கே கடைவது ஃபோர்ஜ் செய்து, அதாவது காய்ச்சி அடித்து உருவாக்கி வரும் அலாய் ஸ்டீல் என்னும் கலப்பு எஃகு. ஒவ்வொரு துண்டும், எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரோடும் டெஸ்ட் சர்டிபிகேட்டோடும் வருகிறது. கழிவுத் துண்டைக்கூடப் பதிவேட்டில் எழுதித்தான் வெளியே எடுக்க முடியும். இங்கிருந்து அங்கேயோ, அங்கிருந்து இங்கேயோ ஒரு கிலோகூட மாற வழியில்லை.

சரி, மூன்று இம்பெல்லரில் ஓட்டை விழுந்தது உண்மைதானே என்பீர்கள். உண்மைதான். அது ஐப்பசி மழையில் வார்த்த லாட். அச்சு மணலில் ஈரம் கூடிவிட்டால், உருகிய இரும்பை ஊற்றும்போது கிளம்பும் ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே குமிழாக நின்றுவிடும். மேலே பார்த்தால் தெரியாது. ஓடித் தேய்ந்த பிறகு ஊசி குத்தியது போலத் தெரியும். அதை நாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும், தவறு எங்களுடையது. ஆனால் புது ஷெட்டுக்குக் கரண்ட் வந்ததே மாசியில்தான். ஐப்பசியில் வார்த்ததற்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்.

உள்ளபடி சொன்னால் பம்புக்கு இதில் லாபமே. அந்த வேலைக்காக வாங்கிய அளவு பார்க்கும் மெஷினில், பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் 0.01 மில்லிமீட்டர் விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது பம்பு ஷாஃப்டையும் அதில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம்.

லேத்தில் கை தேர்ந்த இரண்டு பேர் அங்கே போயிருப்பதால் ஸ்பேர் இப்போதைக்கு 4 நாளுக்குப் பதில் 12 நாள் ஆகும், சித்திரை முதல் விலையும் 6 சதவீதம் கூடும்.

போன வாரம் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சாக்கில் சுற்றி ஒரு மோட்டாரைக் கொண்டுவந்தார். 1998இல் என் அப்பா கையெழுத்துப் போட்ட பில், மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, அவர் சட்டைப் பையில் இருந்தது. "வேற எங்க போறது தம்பி" என்றார். உங்களைப் போன்றவர்கள் தந்த தெம்பில்தான் புது வேலைக்கே துணிந்தோம். அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி.

ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிய இம்பெல்லர் உங்களிடம் இருந்தால், கெட்டிருந்தாலும் கெடாவிட்டாலும், வாங்கிய டீலரிடமே கொடுங்கள். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புதிது தரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உரிமையாளர், கணபதி, கோவை